பத்து வெள்ளியும் ஒரு துணிகர மூலதனமே



“சொந்தத் தொழில் தொடங்க வேண்டும் என்கிறான் என் மகன். அவனுக்கு எதைப் படிக்கக் கொடுக்கலாம்?” என்று அண்மையில் ஒரு தாயார் என்னிடம் வினவினார். ஒரு படத்தையும் ஒரு நூலையும் பரிந்துரைத்தேன். மூன்றாவதாக ஒரு வரலாற்றையும் சொன்னேன். அதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

படம், 2011இல் வெளிவந்த ‘சம்திங் வென்சர்ட்’ என்னும் ஆவணப்படம். நூல், செபாஸ்டியன் மல்லபி 2022இல் வெளியிட்ட ‘தி பவர் லா’. இரண்டும் ஆங்கிலத்தில் அமைந்தவை. முதலில் பெரியவர்கள் பார்த்தும் படித்தும் பிள்ளைகளுக்கு விளக்குவது நலம். இரண்டிலும் ஆர்தர் ராக் என்பவரைச் சந்திக்கலாம். நம் நாடு விடுதலை பெற்ற அடுத்த மாதம், அதாவது 1957 செப்டம்பரில், அமெரிக்காவில் எட்டு அறிவியலாளர்கள் தம் வேலையை உதறிவிட்டு வெளியேறினர். அவர்களுக்காக முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை அணுகி, இறுதியில் ஷெர்மன் ஃபேர்சைல்டிடம் மூலதனம் பெற்றுத் தந்தவர் ராக். பத்து முயற்சிகளில் பெரும்பாலானவை தோற்றாலும் ஒன்றின் வெற்றி அனைத்தையும் ஈடுசெய்துவிடும் என்பதே துணிகர மூலதனத்தின் கணக்கு.

இந்தக் கணக்கு நம் மண்ணுக்குப் புதியதா? இல்லை. கெடாவின் ரப்பர் தோட்டங்களும் ஒரு காலத்தில் தொடக்கநிலை நிறுவனங்களே! நட்ட மரம் பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை செலவு மட்டுமே, வரவு இல்லை. அந்தப் பணத்தை இலண்டன் பங்குதாரர்கள் தந்தனர். 1910இல் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கையும் தாண்டி விற்றபோது இலாபம் அவர்களைச் சேர்ந்தது. காட்டை அழித்து, மரம் நட்டு, பால் சீவிய நம் முன்னோருக்கோ கூலி உண்டு, பங்கு இல்லை.

1950களில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக மறுவிற்பனை செய்தனர். இதனையே ‘தோட்டத் துண்டாடல்’ என்கிறோம். இதன் விளைவாக வேலையும் குடியிருப்பும் ஒரே நாளில் பறிபோயின. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துயரைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

அவ்வேளையில்தான் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி கேட்டார். பங்கின் விலை 100 வெள்ளி. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உதயமானது. அது வாங்கிய முதல் தோட்டம் எது தெரியுமா? நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம்! கூலிக்காரர் பங்குதாரரானார்.

ஆனால், இவர்களின் கணக்கு ராக்கின் கணக்கன்று. ஒன்பது தோற்கலாம் என்று சொல்லும் வசதி அவர்களுக்கு இல்லை. அந்தப் பத்து வெள்ளி அரிசிக்கும் பருப்புக்கும் உரிய பணம். ஆகவே கண்ணுக்குத் தெரிந்த நிலத்தில் அதனை இட்டார்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஒரே வாக்கு என்ற கூட்டுறவு நெறியை ஏற்றார்கள். இன்றும் நம் பெற்றோர் பலர் “அரசாங்க வேலைக்குப் போ” என்று சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது. அது கோழைத்தனம் அன்று. இழக்க முடியாதவரின் எச்சரிக்கை.

அந்த எண்மரில் இருவரான ராபர்ட் நோய்சும் கோர்டன் மூரும் 1968இல் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கினர். அதற்கும் மூலதனம் திரட்டியவர் ராக்தான். 1972இல் அது பினாங்குக்கு வந்தது. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவிலும் பின்னர் இடம்பிடித்தது. தோட்டங்களை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று இத்தகைய தொழிற்கூடங்களில் இரவு பகலாக வேலை செய்கின்றனர். மறுபடியும் நமக்குச் சம்பளம் உண்டு, பங்கு எங்கே?

இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். ஒருவரால் தாங்க முடியாத இழப்பை நூறு பேர் சேர்ந்தால் தாங்கலாம் என்பதே புக்கிட் சிடிம் கற்பித்த பாடம். நிலத்திற்காக அன்று சேர்ந்த கைகள், நம் பிள்ளைகளின் சிந்தனைக்காக இன்று சேரக் கூடாதா?

வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். அச்சங்கத்தின் பங்குப் பத்திரம் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். கிடைத்தால் அதைப் பிள்ளையின் கையில் கொடுத்து, அதன் கதையைச் சொல்லுங்கள். படமும் நூலும் அதன் பிறகு வரட்டும்.