சி மொழியில் சமவாய்ப்பு எண்களும் அணிகளும்

சி மொழி படிப்பவர்கள் சமவாய்ப்பு எண்ணுக்கு முதலில் நாடுவது ராண்ட் என்ற செயற்கூறு. அது தருபவை கணக்குப் போட்டு வரும் எண்கள். முந்தைய எண்ணை ஒரு மாறிலியால் பெருக்கி, வகுத்து வரும் மீதியை அடுத்த எண்ணாகக் கொள்ளும் முறையை அமெரிக்கக் கணிதவியலாளர் டி. எச். லெமர் 1949-இல் முன்வைத்தார். 1989-இல் வந்த சி மொழியின் முதல் தரநிலை, அதன் ஒரு வடிவத்தையே ராண்டுக்கு மாதிரியாகத் தந்தது: 1103515245-ஆல் பெருக்கு, 12345 கூட்டு, 65536-ஆல் வகு, ஈவை மறுபடி 32768-ஆல் வகுத்து மீதியைக் கொடு.

இடையில் வரும் வகுத்தல் மிக முக்கியமானது. பெருக்கிக் கூட்டி வரும் எண்ணின் கடைசி பிட் 0, 1, 0, 1 என்று மாறி மாறித்தான் வரும். 65536-ஆல் வகுத்தால் கீழ் 16 பிட்களும் உதிர்ந்துவிடும். பழைய யூனிக்ஸ் கணினிகள் சிலவற்றில் இந்த உதிர்ப்பு இல்லை; அங்கே இரண்டால் வகுத்து வரும் மீதியைக் கொண்டு பூவா தலையா பார்த்தால், பூவும் தலையும் முறைவைத்து விழுந்தன.

நினைவில் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது இந்த முறையின் இன்னொரு பலவீனம். அதற்கு மருந்தாகத்தான் பல எண்களை வரிசையாக வைத்திருக்கும் அணி வந்தது. 1983-இல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸின் ரேண்டம் செயற்கூறு 31 எண்கள் கொண்ட அணியை வைத்துக்கொண்டது. அணியின் இரண்டு இடங்களிலுள்ள எண்களைக் கூட்டி ஓரிடத்தில் எழுதும்; பிறகு அந்த இடங்களைக் காட்டும் இரு சுட்டிகளையும் ஓரிடம் நகர்த்தும். 1998-இல் ஜப்பானின் மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் வெளியிட்ட மெர்சென் ட்விஸ்டர் என்ற முறையின் அணிக்கு 624 இடங்கள்.

இப்படிக் கிடைக்கும் எண்களைக் கொண்டு ஓர் அணியின் உறுப்புகளைக் கலைத்துப் போடும் வேலையிலும் தவறு எளிதில் நேரும். ஒவ்வோர் இடத்தையும் அணியின் ஏதோ ஓர் இடத்தோடு மாற்றினால் போதும் என்று தோன்றும். மூன்று உறுப்புகளுக்கு இதில் 27 வழிகள், வரிசைகளோ 6. 27-ஐ ஆறாகச் சமமாகப் பங்கிட முடியாது என்பதால் சில வரிசைகள் அடிக்கடி வரும். ஃபிஷரும் யேட்ஸும் 1938-இல் காகிதத்தில் செய்ய வகுத்த கலைப்பு முறையை, 1964-இல் டர்ஸ்டன்ஃபெல்ட் கணினிக்கேற்பச் சீர்செய்தார்: கடைசி இடத்திலிருந்து தொடங்கு, அந்த இடம் உட்பட அதற்கு முன்னுள்ளவற்றில் ஒன்றைத் தேர்ந்து மாற்று, ஓரிடம் கீழிறங்கு.

முறை சரியாக இருந்தாலும், சமவாய்ப்பு எண்களின் கணக்கைத் தொடங்கிவைக்கும் விதை எண் சிறியதாக இருந்தால் பயனில்லை. 52 சீட்டுகளின் வரிசைகளை எண்ணினால் 68 இலக்க எண் வரும். 32 பிட் விதையால் எட்டக்கூடியவை சுமார் 429 கோடி மட்டுமே. 624 இடமுள்ள அணியையும் அந்த ஒற்றை விதையால் நிரப்பினால் கதை அதேதான். ஆகவே பணம், கடவுச்சொல் சார்ந்த நிரல்களில் எளிதில் ஊகிக்கக்கூடிய கடிகார நேரத்தை விதையாக்குவது ஆபத்து. வன்பொருளில் நேரும் நிகழ்வுகளிலிருந்து இயங்குதளம் திரட்டித் தரும் எண்களையே அங்கே பயன்படுத்த வேண்டும். லினக்ஸ் 1994 முதல் அவற்றை ஒரு கோப்பைப் படிப்பதுபோலவே படிக்கத் தருகிறது.