அழுகிய கத்தரிக்காயில் கிடைத்த மருந்து

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் தன் ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பி.எஸ்சி. நுண்ணுயிரியல், இரண்டாம் ஆண்டு. படங்கள் அழகு, கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. "இதெல்லாம் நீயே செய்து பார்த்ததாம்மா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பாதி சீனியர் அக்கா நோட்டைப் பார்த்து எழுதினது தாத்தா. விடை எப்படியும் அதேதானே வரப்போகுது?"

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. விடை முன்கூட்டியே தெரிந்த சோதனையை ஏன் செய்ய வேண்டும்? அப்போது நினைவுக்கு வந்த ஒரு வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆசிரியருக்கே விடை தெரியாத ஒரு செய்முறையை மாணவர்களிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லும் வரலாறு இது.

முதலில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1896-ல் ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹான்கின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமிகளை அழிக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று எழுதினார். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விடுகிறது என்றும் கண்டார். அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. 1915-ல் லண்டனில் ட்வார்ட், 1917-ல் பாரிஸில் டெரெல் ஆகிய இருவரும் பாக்டீரியாவை அழிக்கும் வைரஸ்களைப் பற்றித் தனித்தனியே எழுதினார்கள். டெரெல் அவற்றுக்குப் பாக்டீரியோபேஜ் என்று பெயர் வைத்தார். 'பாக்டீரியாவைத் தின்பது' என்று பொருள். சுருக்கமாகப் பேஜ் என்பார்கள். ஹான்கின் பார்த்ததும் பேஜ்தானா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

பேஜை மருந்தாகக் கொடுக்கலாம் என்று டெரெல் நம்பினார். இந்தியாவிலும் காலராவுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் 1940-களில் பெனிசிலின் வந்ததும் மேற்கு நாடுகள் பேஜை மறந்துவிட்டன. சோவியத் நாட்டில், குறிப்பாக ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் அந்த மருத்துவம் தொடர்ந்தது.

இனி நம் கதைக்கு வருவோம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அரசு நிதி பெறும் பல்கலைக்கழகம். அங்கே கிரஹாம் ஹாட்ஃபுல் என்ற பேராசிரியர் காசநோய்க் கிருமியின் குடும்பத்தைத் தாக்கும் பேஜ்களை ஆராய்ந்து வந்தார். உலகில் பேஜ்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒன்றுக்குப் பின்னால் 31 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணிக்கையில் இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அவற்றில் மனிதன் பார்த்தவை மிகச் சொற்பம். இத்தனையையும் ஒரு ஆய்வகம் எப்படித் தேடி முடிக்கும்?

2002-ல் ஹாட்ஃபுல் ஒரு திட்டம் தொடங்கினார். பள்ளி மாணவர்களையும் இளநிலை மாணவர்களையும் தேடச் சொன்னார். அடுத்த ஆண்டே அந்தத் தேடலில் கிடைத்த பேஜ்களைப் பற்றிய கட்டுரை புகழ்பெற்ற 'செல்' இதழில் வந்தது. 2008-ல் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் இதை முதலாண்டு மாணவர்களுக்கான பாடமாக்கிப் பல கல்லூரிகளுக்குக் கொண்டுபோனது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் அது நடக்கிறது.

செய்முறை எளிமையானது. மாணவர் தனக்குப் பிடித்த இடத்திலிருந்து ஒரு கரண்டி மண் எடுத்து வருகிறார். வீட்டுத் தோட்டம், குப்பைக்குழி, ஆட்டுப்பட்டி, எதுவானாலும் சரி. அதைத் திரவத்தில் கலக்கி, பாக்டீரியா புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடிகட்டுகிறார். வைரஸ் மட்டும் கீழே இறங்கும். அதை மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸ் என்ற பாக்டீரியாவோடு சேர்த்து அகார் தட்டில் ஊற்றுகிறார். இது காசநோய்க் கிருமிக்கு உறவு, ஆனால் சாது. வேகமாகவும் வளரும். ஓரிரு நாளில் தட்டு முழுவதும் வெண்மையாகப் படர்ந்துவிடும். அந்த வெண்மையில் எங்காவது ஊசி குத்தியதுபோல் தெளிவான வட்டம் தெரிந்தால், அங்கே ஒரு பேஜ் பாக்டீரியாவைக் கொன்றிருக்கிறது என்று பொருள். பிறகு அதைத் தனியே பிரித்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, அதன் மரபணுக்களைப் படிக்க வேண்டும். கண்டுபிடித்த மாணவரே பெயரும் வைக்கலாம்.

சீனியர் நோட்டைப் பார்த்து இதை எழுத முடியாது. விடை யாரிடமும் இல்லை.

அடுத்து தென்னாப்பிரிக்கா. அங்கே டர்பன் நகரில் குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகம் என்ற அரசுப் பல்கலைக்கழகம் உள்ளது. நிறவெறிக் காலத்தில் இந்திய வம்சாவளியினருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம், 2004-ல் நாட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து உருவானது. நம் தமிழர்களின் பிள்ளைகள் பலர் படித்த இடம். அந்த மாகாணத்தைக் காசநோய் வாட்டி எடுத்தது. அங்குள்ள துகேலா ஃபெர்ரி என்ற சிற்றூரில், எந்த மருந்துக்கும் எளிதில் கட்டுப்படாத காசநோய் 53 பேருக்கு இருப்பதும், அவர்களில் 52 பேர் இறந்ததும் 2006-ல் வெளியுலகுக்குத் தெரிந்தது. அப்படிப்பட்ட மண்ணில் காசநோய்க் குடும்பத்தின் எதிரிகளைத் தேடும் பாடத்தை நடத்தியது பொருத்தம்தானே?

2010-ல் அந்தப் பாடத்தில் சேர்ந்த லில்லி ஹோல்ஸ்ட் என்ற மாணவி, அழுகிக் கிடந்த ஒரு கத்தரிக்காயின் அடிப்பக்கத்திலிருந்து மாதிரி எடுத்தார். ஒரு பேஜ் கிடைத்தது. அதற்கு 'மட்டி' என்று பெயரிட்டார். ஆங்கிலத்தில் சேறு படிந்தது என்று அர்த்தம். மட்டி பிட்ஸ்பர்க்கில் உள்ள உறைபெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால் என்ன பயன் என்று அப்போது கேட்டிருந்தால் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

ஏழு ஆண்டுகள் கழிந்தன. 2017-ல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் 15 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இரண்டு நுரையீரல்களையும் மாற்றினார்கள். பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய். அறுவைக்குப் பின் காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் உடம்பெங்கும் பரவியது. எந்த ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யவில்லை. பேஜ் பற்றி எங்கோ படித்த தாய், மருத்துவர்களிடம் அதைக் கேட்டார். மருத்துவமனை ஹாட்ஃபுல்லைத் தொடர்புகொண்டது. மாணவர்கள் சேர்த்துவைத்த 10,000-க்கும் மேற்பட்ட பேஜ்களுக்குள் தேடல் தொடங்கியது.

அதே சமயம் இன்னொரு நோயாளியின் கிருமியும் வந்திருந்தது. அவருக்கு ஏற்ற பேஜ் கிடைப்பதற்குள் அவர் இறந்துவிட்டார்.

சிறுமியின் கிருமிக்கு மூன்று கிடைத்தன. நன்றாகக் கொன்றது மட்டி. மற்ற இரண்டும் பாக்டீரியாவைக் கொல்லாமல் அதற்குள்ளேயே ஒளிந்து வாழும் பழக்கம் உள்ளவை. அந்தப் பழக்கத்துக்குக் காரணமான மரபணுவை வெட்டி நீக்கினால்தான் பயன்படும். வெட்டுவதற்கான கருவி பிட்ஸ்பர்க்கில் முன்பே தயாராக இருந்தது. 2007-ல் ஹாட்ஃபுல்லும் அவருடைய ஆய்வு மாணவி ஜூலியா வான் கெசலும் உருவாக்கிய முறைதான் அதற்கு அடிப்படை. அந்த முறைக்கு வேண்டிய புரதங்கள் 'சிஎச்இ9சி' என்ற பேஜிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தப் பேஜ் எங்கே கிடைத்தது தெரியுமா? நம் சென்னையில். இதைப் படித்தபோது நான் சற்று நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

2018 ஜூனில் சிகிச்சை தொடங்கியது. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு பேஜிலும் நூறு கோடி, நரம்பு வழியாக. புண்கள் ஆறின. கல்லீரல் தேறியது. முழுக் குணம் என்று மருத்துவர்கள் சொல்லவில்லை, ஆனால் சிறுமி மறுபடி படிப்பைத் தொடரும் நிலைக்கு வந்தாள். 2019 மே மாதம் 'நேச்சர் மெடிசின்' இதழில் இது வெளியானது. பின்னர் இதேபோல் பேஜ் கொடுக்கப்பட்ட 20 நோயாளிகளைப் பற்றி 2022-ல் எழுதினார்கள். அவர்களில் 11 பேருக்குப் பலன் தெரிந்தது. அற்புதம் என்று சொல்லக்கூடாது. ஆனால் வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது சிறிய எண்ணிக்கையும் இல்லை.

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும் என்பார்கள். இந்தக் கத்தரிக்காய் அழுகிப் போய் லண்டன் மருத்துவமனைக்கே வந்துவிட்டது!

இப்போது என் கதை. ஏழாம் வகுப்பில் ரொட்டித் துண்டில் பூஞ்சை வளர்க்கும் சோதனை ஒன்று செய்வோம். ஈரமான துண்டில் வளரும், காய்ந்த துண்டில் வளராது. இதுதான் விடை. ஒரு வருடம் ஒரு மாணவியின் காய்ந்த துண்டிலும் பச்சையாகப் பூத்திருந்தது. "ஐயா, இதிலயும் வந்திருக்கு" என்று ஆசையாகக் கொண்டுவந்து காட்டினாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ எங்கேயோ தப்பு பண்ணியிருப்பே. புத்தகத்தில் இருக்கிறபடி எழுது." அவள் தலையாட்டிவிட்டுப் போய் அப்படியே எழுதினாள். முழு மதிப்பெண் போட்டேன்.

"ஏன் வந்தது, பார்ப்போமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த வாரம் மழை. காற்றிலேயே ஈரம் இருந்திருக்கும். அவளே கண்டுபிடித்திருப்பாள். பணி ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பிள்ளையின் முகம் மறக்கவில்லை. ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதும் இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

எல்லாச் சோதனையையும் மாற்ற முடியாது என்று எனக்கும் தெரியும். கருவியைப் பிடிக்கவும் அளக்கவும் பழக, விடை தெரிந்த சோதனைகளும் வேண்டும். ஆனால் மூன்று வருடப் படிப்பில் ஒன்றே ஒன்றாவது ஆசிரியருக்கும் விடை தெரியாததாக இருக்கட்டும். மண்ணுக்கு நம் ஊரில் குறைச்சலா என்ன?

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "எங்க மேடம் கிட்ட கேட்டுப் பார்க்கிறேன் தாத்தா" என்றாள். கேட்டாளா என்று நாளை விசாரிக்க வேண்டும்.

இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பில் புத்தகத்துக்கு மாறாக ஒரு விடை வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? எழுதுங்கள். என்னைப் போலத் தவறு செய்திருந்தாலும் எழுதுங்கள்.