சுமையேற்றம் (கட்டமைப்புப் பகுப்பாய்வு)

சுமையேற்றம் என்பது கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருளில், ஒரு பொருளின் கணினி மாதிரி மீது செயற்படும் விசை, முறுக்குவிசை ஆகியவற்றின் அளவையும் திசையையும் இடத்தையும் வரையறுக்கும் படிநிலை ஆகும்.

வகைகள்: மாதிரி சிறு கூறுகளாகப் பிரிக்கப்படும்; அவை இணையும் புள்ளிகள் கணுக்கள் எனப்படும். புள்ளிச் சுமை ஒரு கணுவிலும், பரவல் சுமை விளிம்பு அல்லது பரப்பிலும், பொருண்மைச் சுமை முழுப் பருமனிலும் செயற்படும். தன்னெடை மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

முறுக்குவிசை: உத்திர, ஓட்டுக் கூறுகளின் கணுக்கள் நகர்வுடன் சுழற்சியும் கொண்டிருப்பதால் முறுக்குவிசையை நேரடியாக ஏற்கும். திண்மக் கூறுகளின் கணுக்களுக்குப் பொதுவாக மூன்று நகர்வுகள் மட்டுமே உண்டு. எனவே, எடுத்துக்காட்டாக, திண்மக் கூறுகளாலான ஒரு தண்டின் முனைப்பரப்பை அச்சிலுள்ள ஒரு துணைக் கணுவுடன் பிணைத்து, அக்கணுவில் முறுக்குவிசை தரப்படுகிறது. விறைப்பான பிணைப்பு அப்பரப்பின் உருமாற்றத்தைத் தடுக்கும். பகிர்வுப் பிணைப்பு சுமையைப் பல கணுக்களுக்குப் பங்கிட்டு, உருமாற்றத்தை அனுமதிக்கும்.

வரலாறு: இம்மென்பொருள்களின் அடிப்படையான வரம்புறு கூறு முறைக்கு அப்பெயரை 1960இல் ரே கிளஃப் வழங்கினார். நாசாவுக்காக 1960களில் நாஸ்ட்ரான் என்னும் இத்தகைய மென்பொருள் உருவாக்கப்பட்டது.

சரிபார்ப்பு: அலகுகள் ஒத்திசைய வேண்டும்; எடுத்துக்காட்டாக, நியூட்டனும் மில்லிமீட்டரும் உள்ளிடப்பட்டால் தகைவு மெகாபாஸ்கலில் கிடைக்கும். நிலையியல் பகுப்பாய்வில் தாங்கிகளின் எதிர்விசைகள் சுமைகளைச் சமன்செய்ய வேண்டும். திண்ம மாதிரியில் புள்ளிச் சுமைக்கு அருகே கூறுகள் சிறிதாகுந்தோறும் தகைவு எல்லையின்றி உயர்வதால், அம்மதிப்பு வடிவமைப்புக்கு ஏற்கப்படுவதில்லை.