கூடாரமா, கூண்டு வண்டியா, சத்திரமா?

'கேரவன்' என்ற சொல்லைக் கேட்டதும் இன்று தமிழ்நாட்டில் நம் நினைவுக்கு வருவது, படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்க நிறுத்தப்பட்டிருக்கும் குளிரூட்டப்பட்ட வண்டிதான். மேலை நாடுகளிலோ அது நடுத்தரக் குடும்பத்தின் விடுமுறைக் கனவு. காருக்குப் பின்னே கட்டி இழுத்துச் செல்லும் வீடு. அங்கே பயணம் புறப்படும் குடும்பத்தின்முன் மூன்று வழிகள் இருக்கின்றன. இழுவண்டியில் மடித்து ஏற்றிய துணிக்கூடாரம் முதல் வழி. கட்டிலும் மேடையும் பெட்டிக்குள் அடங்கியிருக்க, நின்ற இடத்தில் விரித்துக்கொள்ளும் மடக்கு வண்டி இரண்டாவது. சுவரும் கதவும் கூரையும் நிலையாகப் பொருந்திய வண்டிவீடு மூன்றாவது. முதலாவது இலேசானது, ஆனால் கட்டவும் பிரிக்கவும் நேரம் பிடிக்கும், நனைந்தால் உலர்த்தாமல் மடிக்க முடியாது. மூன்றாவது மழைக்கு அஞ்சாது. ஆனால் பாரம் மிகுந்தது, காற்றுக்கும் குறுகிய பாதைக்கும் அஞ்சும். இரண்டாவது இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

இது ஏதோ அயல்நாட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. எடை, நேரம், மழை என்ற இந்த மூன்றையும் நம் முன்னோரும் எடைபோட்டிருக்கிறார்கள். மயிலாடுதுறையைச் சுற்றியுள்ள காவிரிக் கழிமுகத்தை நடுவே வைத்துக்கொண்டு, அவர்கள் கண்ட விடை என்ன என்பதைச் சற்றே ஆராய்வோம்.

சங்க காலத்து வண்டிவீடு

மயிலாடுதுறைக்குக் கிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் இருக்கிறது பூம்புகார். சிலப்பதிகாரக் கோவலனின் தந்தை பெயர் மாசாத்துவான். 'சாத்து' என்பது கூட்டமாகச் செல்லும் வணிகரைக் குறிக்கும். பாரசீகத்தில் 'கார்வான்' என்று எதைச் சொன்னார்களோ, அதையே நாம் சாத்து என்றோம். அந்தப் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்ததுதான் 'கேரவன்'. ஆக, புகாரின் பெருவணிகர் தம் பெயரிலேயே கேரவனைச் சுமந்திருந்தார்.

பட்டினப்பாலையைப் பாடிக் காவிரிப்பூம்பட்டினத்தை நிலைக்கச் செய்த கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் மற்றொரு படைப்பு பெரும்பாணாற்றுப்படை. அதில் உப்பு வணிகராகிய உமணரின் வண்டி நுணுக்கமாகக் காட்டப்படுகிறது. முழவு போன்ற உருளைகள். மேலே கூரை வேய்ந்திருக்கிறது. வண்டி வாயிலில் கோழிக்கூடு, தொங்கவிடப்பட்ட சிறிய உரல், கயிற்றால் பிணித்த காடிப் பானை. கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். வேப்பந்தழை சூடிய வலிய ஆடவர் வண்டித் தொடருக்குப் பக்கத்தே காவலாக நடக்கிறார்கள்.

கோழியும் உரலும் காடியும் ஏன் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் பயணத்துக்கு யாரும் உரலைத் தூக்கிச் செல்வதில்லை. உமணருக்கு வண்டி வெறும் வாகனமன்று, வீடே அதுதான். புறநானூற்றில் ஔவையார் இவர்கள் வண்டியின் கீழே கட்டிவைக்கும் சேம அச்சைக் குறிப்பிடுகிறார். நெடுவழியில் பள்ளத்தில் இறங்கி அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு மற்றோர் அச்சு. இன்று காரின் பின்னால் வைக்கும் மாற்றுச் சக்கரத்தின் மூதாதை என்றே இதைச் சொல்லலாம்.

துணிக் கூடாரம்

கூடாரத்துக்கும் புகாரிலிருந்தே சான்று கிடைக்கிறது. பத்துப்பாட்டில் மிகச் சிறியது 103 அடிகள் கொண்ட முல்லைப்பாட்டு. இயற்றியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். பொன் வணிகர் வீட்டுப் பிள்ளை போர்ப் பாசறையை வருணிக்கிறார். காட்டை அழித்து முள்வேலி சூழ அமைத்த பாடி; வரிசையாக விற்களை ஊன்றிக் கயிறு கட்டி நிறுத்திய கூடாரங்கள்; நடுவே அரசனுக்குத் தனியிடம். அதைக் கட்டியவர் யவனர். உள்ளே திரைகளால் பிரித்த ஈரறைப் பள்ளி. நேரத்தை அறிந்து சொல்ல நாழிகைக் கணக்கர்.

இன்றைய கூடார வண்டிகளிலும் துணித்திரை போட்டு அறை பிரிக்கிறார்கள் என்பது ஒருபுறமிருக்க, இங்கு நாம் கவனிக்க வேண்டியது வேறு. துணிக் கூடாரம் பார்வைக்கு எளியது. ஆனால் அதைக் கட்ட ஆள்படை வேண்டும். இது பிற்காலத்திலும் மாறவில்லை. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1820 முதல் 1822 வரை காசி யாத்திரை சென்றபோது உடன் சென்றவர் ஏறத்தாழ 3000 பேர். ஆங்கில ஆட்சிக் காலத்தில் மாவட்ட அதிகாரிகள் முகாம் சென்றபோது பெரும்பாலும் இரண்டு தொகுதிக் கூடாரங்கள் உடன் போயின. அதிகாரி ஒன்றில் உறங்கும்போதே மற்றொன்று வண்டியேறி அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடும். அவர் குதிரையில் அங்கே போய்ச் சேரும்போது கலாசிகள் அதைக் கட்டி முடித்திருப்பார்கள். 'டேரா போடுதல்' என்று நாம் இன்று கேலியாகச் சொல்வது அதிகாரம் படைத்தோரின் பழக்கமாக இருந்தது.

கழற்றி மாட்டும் கூண்டு

நடுவழி உழவருடையது. காவிரிக் கழிமுகத்து மிராசுதாரர் வீட்டில் வில்வண்டி நின்றது. நிலையான கூரை, மெத்தை, பக்கத்தில் திரைச்சீலை. சாதாரணக் குடியானவனிடம் இருந்ததோ மொட்டை வண்டி. வைக்கோலும் நெல்மூட்டையும் எருவும் ஏற்றிய அதே வண்டியில், திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ புறப்படும்போது மூங்கிலை வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டைத் தூக்கி மாட்டுவார்கள். உள்ளே வைக்கோல் பரப்பி மேலே ஜமுக்காளம் விரித்தால் பெண்களும் குழந்தைகளும் படுத்தே வரலாம். இரவில் மாட்டை அவிழ்த்துவிட்டு, நுகத்தடிக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தினால் வண்டிக்கு மேலும் படுக்கலாம், கீழும் படுக்கலாம். ஊர் திரும்பியதும் கூண்டு கொட்டகைக்குப் போகும். வண்டி வயலுக்குப் போகும். மடக்கு வண்டியின் தத்துவம் இதுவன்றி வேறென்ன?

மயிலாடுதுறையின் ஐப்பசித் துலா நீராட்டுக்கு மக்கள் இப்படித்தான் வந்தார்கள். 'ஆயிரமானாலும் மாயூரம் ஆகாது' என்ற பழமொழியை மெய்ப்பிக்கச் சுற்றுவட்டாரமே திரண்டது. மாதத்தின் கடைசி நாள் கடைமுகம். அன்று நீராடுவது பெரும்பேறு.

ஆனால் ஐப்பசி என்பது என்ன? வடகிழக்குப் பருவமழையின் மாதம். சம்பா பயிர் நிற்கும் வயல்களில் நீர் தேங்கிக் கிடக்கும். வரப்பைத் தவிர மிதிக்க இடமில்லை. களிமண் ஊறியபின் கூடாரத்து முளை அதில் நிற்காது. மேடாக இருப்பவை சாலையும், ஆற்றங்கரையும், ஊர் நத்தமும், கோயில் வெளியும்தான். மொட்டை வண்டியின் சக்கரமும் சேற்றில் புதையும். ஆகவே எந்தப் பருவத்தில் மக்கள் மிகுதியாகப் பயணம் செய்தார்களோ, அந்தப் பருவத்திலேயே கூடாரமும் வண்டியும் ஒருசேரக் கைவிட்டன.

கூடவே வராத வீடு

இதற்குக் கழிமுகம் கண்ட விடைதான் சத்திரம். வீட்டை இழுத்துக்கொண்டு போவதற்குப் பதிலாக, போகும் வழியெல்லாம் வீடு கட்டி வைத்துவிடுவது. ஊர்கள் நெருங்கியிருந்த, நெல் விளைந்த நாட்டில் இது இயலக்கூடியதாக இருந்தது. மராட்டிய மன்னர் காலத்தில் தஞ்சையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியில் சத்திரங்கள் தொடராக எழுந்தன. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது.

இச்சத்திரங்களைக் காக்க வேண்டிச் சரபோசி 1801-இல் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் அனைவருக்கும் அங்கே உணவு உண்டு என்கிறார். சமைத்த சோற்றை விரும்பாதோர்க்கு அரிசியும் மளிகையும் தரப்படும். நோயுற்றவருக்கு மருத்துவம் உண்டு. கருவுற்ற பெண் வழியில் பிள்ளை பெற்றால் அவளுக்குப் பணிவிடை உண்டு. இவற்றினும் நம் மனத்தைத் தொடுவது மற்றொன்று. நள்ளிரவில் மணியடித்து, இதுவரை உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்களாம்.

இந்தச் சித்திரத்தை அப்படியே பொன்முலாம் பூசி மாட்டிவிடலாகாது. உண்ணும் பந்தியும் படுக்கும் இடமும் எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தன என்று கருதுவது பேதைமை. சத்திரத்துக்கு வாசல் உண்டு. வாசலுக்குக் காவலன் உண்டு. திறவுகோல் வேறொருவர் கையில் இருந்தது. வண்டிவீட்டுக்கும் சத்திரத்துக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இதுவே. ஒன்றில் கூரை நம்முடையது. மற்றொன்றில் கூரை பிறர் தந்தது.

திறவுகோல் யாரிடம்?

பிறர் தந்த கூரை எவ்வளவு எளிதில் பறிபோகும் என்பதைக் கழிமுகம் 1930-இல் கண்டது. அவ்வாண்டு ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டார்கள். அவர்களிடம் கூண்டு வண்டி வரிசை இல்லை. ஊர்களின் விருந்தோம்பலையே நம்பி நடந்தார்கள். தஞ்சை ஆட்சியர் தார்ன் அந்த நாடியைச் சரியாகவே பிடித்தார். தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் சிறை செல்ல நேரும் என்று அறிவித்தார். தண்டோரா முழங்கியது, கதவுகள் அஞ்சின. ஆயினும் உபசரித்துச் சிறை சென்றவர்கள் உண்டு. கொடுத்தவர் யாரென்று தெரியாதபடி சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்ட ஊர்களும் உண்டு. ஏப்ரல் 28 அன்று படை வேதாரண்யம் சேர்ந்தது.

சொந்தக் கூரையோடு திரிந்தவர்கள் கதியோ இதனினும் கொடிது. உமணரின் தொழிலைப் பிற்காலத்தில் செய்தவர்களுள் உப்புக் குறவர் எனப்பட்டோர் ஒரு பிரிவினர். கடற்கரை உப்பைப் பொதிமாட்டிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய்த் தானியமாக மாற்றி வந்தார்கள். அரசின் உப்புக் கொள்கையும் இரயிலும் அத்தொழிலைத் தின்றன. பிழைப்பை இழந்தும் கூடாரத்தை விடாத அம்மக்களைச் சட்டம் ஐயத்தோடு நோக்கியது. 1871-இல் வடக்கே பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஓரிடத்தில் தங்காமையே குற்றத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. நாடு முழுவதும் அச்சட்டம் நீங்கியது 1952-இல்தான்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர், 1885-இல் இரண்டு குதிரைகள் இழுக்கும் 'வாண்டரர்' என்ற வண்டிவீட்டைச் செய்வித்தார். பொழுதுபோக்குக்காகவே கட்டப்பட்ட முதல் கேரவன் அது என்பர். வழி சீராக இருக்கிறதா என்று பார்க்கப் பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே செல்வார். தம்மைக் கனவான் நாடோடி என்று அவர் பெருமையோடு அழைத்துக்கொண்டார். 1907-இல் அங்கே கேரவன் சங்கமே தோன்றிவிட்டது. செல்வர் திரிந்தால் அது உல்லாசம். ஏழை திரிந்தால் அது குற்றம். ஒரே பேரரசின் கீழ் ஒரே தலைமுறையில் இவ்விரண்டும் நிகழ்ந்தன.

முடிவாக

1870-களின் பிற்பகுதியில் மாயவரத்துக்கு இரயில் வந்தபின் நெடுவழி இரவுகள் சுருங்கின. சத்திரங்களில் சில பள்ளிக்கும் மாணவர் விடுதிக்கும் இடம் கொடுத்தன, சில இடிந்தன. கூண்டுகள் கொட்டகையிலேயே மக்கின. மாயவரம் 1982-இல் மயிலாடுதுறை என்ற பழம்பெயரை மீண்டும் பெற்றது. 2020-இல் தனி மாவட்டமாயிற்று.

கூடாரம், கூண்டு வண்டி, சத்திரம் என்ற மூன்றில் எது சிறந்தது என்று கேட்டால், நிலத்தைப் பார்த்து விடை சொல்ல வேண்டும் என்பதே நம் கருத்து. வறண்ட நெடுவழிக்கு உமணர் வண்டி பொருந்தும். ஆள்பலம் உடையோர்க்குக் கூடாரம். ஆண்டுக்கு ஓரிரு முறை புறப்படும் உழவருக்குக் கழற்றி மாட்டும் கூண்டு. நீர் தேங்கிய நெல்நாட்டுக்குச் சத்திரமே தக்கது; அதன் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும்வரை.

மயிலாடுதுறையில் துலா மாதம் முடிந்த மறுநாள், கார்த்திகை முதல் நாளை முடவன் முழுக்கு என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். நடக்க இயலாத ஒருவன் கடைமுகத்துக்கு வந்துசேர முடியாமல் வருந்த, அவனுக்காக இறைவன் மேலும் ஒரு நாளை அளித்தான் என்பது தலபுராண மரபு. வண்டி இல்லாதவன், கூடாரம் இல்லாதவன், வழியெல்லாம் பிந்தியவன். அவன் வரும்வரை ஆறு காத்திருந்தது என்று நம்பிய மக்களின் நாட்டில்தான் நள்ளிரவிலும் ஒரு மணி அடித்தது.