அரப்பு

உசில மரத்தின் இலையைக் காயவைத்து, இடித்து, சலித்து எடுத்த பச்சைத் தூள் அரப்பு. எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போது பிசுக்கை எடுக்கக் கொங்கு நாட்டில் சீயக்காய்க்கு நிகராகப் புழங்குவது. மரத்தின் அறிவியல் பெயர் அல்பிசியா அமாரா. உசிலை, துரிஞ்சில் என்றெல்லாம் மற்ற ஊர்களில் வழங்கினாலும், கொங்குப் பக்கம் மரத்துக்கே அரப்பு மரம் என்றுதான் பேர்.

ஈரோடு மாவட்டத்து அந்தியூரும் அதை ஒட்டி எழும் பர்கூர் மலையின் அடிவாரமும் இந்த மரத்துக்கு ஏற்ற மண். மழை குறைந்த, கல்லும் சரளையுமான நிலத்தில் இது நன்றாக வரும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியாவின் தாவர வரைபடங்களைத் தயாரித்தபோது, வறண்ட காடுகளில் ஒரு வகையையே இந்த மரத்தின் பெயரால் குறித்தது. புளிய இலையைவிட நுணுக்கமான சிற்றிலைகள். காய்ந்தால் கையால் கசக்கினாலே நொறுங்கும். காட்டில் மட்டுமல்லாமல் தோட்டத்து வேலியோரங்களிலும் மரம் நிற்பதால், இலை உருவி வீட்டிலேயே தூளாக்கிக்கொண்டவர்கள் பலர். பர்கூர் மலைக்காடு 2024இல் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வந்துவிட்டது. அதனால் இனி காட்டு இலையை நம்பியிராமல் வேலியோர மரங்களைக் காப்பாற்றி வைப்பதே அரப்புக்கு நல்ல வழி.

இலையிலுள்ள சப்போனின் என்னும் பொருள்தான் அழுக்கை எடுக்கிறது. அதன் மூலக்கூறில் ஒரு பகுதி எண்ணெயோடு சேரும், இன்னொரு பகுதி தண்ணீரோடு சேரும்; இரண்டுக்கும் நடுவில் நின்று எண்ணெயைத் தண்ணீரோடு போகவைக்கும். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் இதே முறையில் வேலை செய்பவைதான். உப்புத் தண்ணீர்க் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் மிகுந்த இந்த வட்டாரத்தில் இதற்கு இன்னொரு பயன் உண்டு. கடினநீரில் சோப்பு போட்டால், நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து கரையாத கசடாகி முடியிலேயே ஒட்டிக்கொள்ளும். குளித்த பிறகும் தலை பிசுபிசுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சப்போனின் அப்படிக் கசடாவதில்லை.

அரப்புக்குக் குளியலறைக்கு வெளியிலும் இடம் உண்டு. திருமணச் சடங்கில் மணமக்களுக்கு எண்ணெயும் அரப்பும் வைத்து நீராட்டும் வழக்கம் கொங்கு நாட்டில் இருக்கிறது. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விதைகளுக்கு மேலுறை பூச அரப்புத் தூளைப் பரிந்துரைக்கிறது. இயற்கை விவசாயிகள் இலையை மோரில் ஊறவைத்து, அரப்பு மோர்க் கரைசலாகப் பயிருக்குத் தெளிக்கிறார்கள்.

எண்ணெய் வழியும் தலைக்கு

ஆண்களுக்குச் சனி, புதன், பெண்களுக்கு வெள்ளி, செவ்வாய் என்று நாள் குறித்து நடந்த எண்ணெய்க் குளியலின் இரண்டாம் பாதிதான் அரப்பு. நல்லெண்ணெய் சொட்டச் சொட்ட வைத்த தலையைச் சுத்தமாக்க அமைந்தது என்பதால், பிசுக்கு எடுக்கும் வேகம் இதற்கு அதிகம். ஆனால் தலையே எண்ணெய் சுரந்து வழிபவர்களுக்கு முதல் பாதி வேண்டியதில்லை. எண்ணெயை விட்டுவிட்டு அரப்பை மட்டும் வைத்துக்கொள்வதே அவர்களுக்கு ஏற்றது. 'சூடு, அதனால்தான் வழிகிறது, இன்னும் எண்ணெய் வை' என்று பெரியவர்கள் அன்போடு சொல்வதைத்தான் இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது.

காரணம் எளிது. தலைத்தோலில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. அவற்றிலிருந்து வரும் கொழுப்புக்குச் சீபம் என்று பெயர். எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்களும் பரம்பரையும் தீர்மானிக்கின்றன. பருவ வயதில் திடீரென்று தலை வழியத் தொடங்குவது இதனால்தான். மேலே எண்ணெய் வைப்பதால் உள்ளே சுரப்பது குறையாது. அதோடு, எல்லார் தலையிலும் வாழும் மலசீசியா என்ற பூஞ்சை இந்தக் கொழுப்பை உண்டுதான் பெருகுகிறது. அது கொழுப்பைச் சிதைக்கும்போது வெளிவரும் ஒலியிக் அமிலம் போன்றவை தோலை உறுத்த, பொடுகும் அரிப்பும் வருகின்றன. பொடுகுத் தலையில் இரவு முழுக்க எண்ணெய் ஊறவிடுவது அந்தப் பூஞ்சைக்குத் தீனி போடுவதாகும்.

அதற்காகத் தேங்காய் எண்ணெயை அடியோடு ஒதுக்க வேண்டாம். அது முடித்தண்டுக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பதை மும்பையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். நீள முடிக்காரர்கள் குளிப்பதற்குச் சற்று முன் நுனிப்பகுதிக்கு மட்டும் தடவலாம். தலைத்தோலில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அரப்புத் தூளை வடிகஞ்சியிலோ வெதுவெதுப்பான தண்ணீரிலோ குழைத்து, சிறிது நேரம் ஊறவிட்டு, விரல் நுனியால் தோலில் தேய்க்க வேண்டும். நகம் படக்கூடாது. ஷாம்பு அளவுக்கு நுரைக்காது. நுரை குறைவென்று இன்னும் இன்னும் அள்ளிப்போட்டால் முடி வறண்டு சிக்கு விழும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதால் குழந்தைகளுக்குத் தேய்க்கும்போது தலையைப் பின்னால் சாய்த்து ஊற்ற வேண்டும். நன்றாகச் சலித்த தூளாக இருப்பது முக்கியம். திப்பி தங்கினால் அதுவே அரிக்கும். தூள் பறந்து தும்மல் வருபவர்கள், தேய்த்ததும் தடிப்பவர்கள் இதை விட்டுவிடலாம். கஞ்சிக்குப் பதில் செம்பருத்தி இலை அரைத்த கொழகொழப்பைச் சேர்ப்போரும் உண்டு. முடி வறளாமல் இருக்க அது உதவும்.

கடலூர்க்காரரான சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய சிக் ஷாம்பு போன்றவை சிறு பாக்கெட்டுகளாக ஊர்ப்புறப் பெட்டிக்கடை வரை வந்து சேர்ந்தபின், அரப்பு பல வீடுகளில் பண்டிகைக்கு மட்டும் என்றாகிவிட்டது. அரப்பின் மேல் பற்று இருந்தாலும் ஷாம்புவைக் குறை சொல்ல முடியாது. தினமும் வழியும் தலைக்குத் தினமும் குளிப்பதில் தவறில்லை. அடிக்கடி அலசினால் எண்ணெய் கூடுதலாகச் சுரக்கும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. வேலைநாளில் மென்மையான ஷாம்பு, ஓய்வுநாளில் அரப்பு என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். சீப்பையும் தலையணை உறையையும் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். ஹெல்மெட்டின் உள்துணிக்கும் இது பொருந்தும்.

எலுமிச்சைச் சாற்றைத் தலையில் பூசிக்கொண்டு வெயிலில் போவது ஆபத்து. சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் தோல் வெந்து கருக்கும். சமையல் சோடாவும் தலைத்தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் கெடுக்கும்.

பொடுகு நிற்காதபோது கீட்டோகோனசோல் அல்லது செலினியம் சல்பைடு கலந்த ஷாம்புவைத் தலையில் 3 முதல் 5 நிமிடம் வைத்திருந்து அலசுவது வழக்கமான மருத்துவம். மஞ்சள் செதில், புருவத்திலும் மூக்கோரத்திலும் சிவப்பு, கொத்தாக முடி உதிர்தல் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெண்களுக்குத் தலை வழிவதோடு மாதவிலக்குத் தவறுவதும் முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டிக்கான பரிசோதனை தேவைப்படும். பச்சைக்குழந்தையின் உச்சியில் படியும் எண்ணெய்ச் செதில் பெரும்பாலும் சில மாதங்களில் தானே உதிரும். அதற்கு அரப்பு போடக்கூடாது.