கல்வெட்டு ஆண்டறிக்கையிலிருந்து இணையத் தரவுத்தளத்திற்கு

ஆய்வுப் படங்களை அவற்றின் விவரக் குறிப்புகளோடு ஒழுங்குபடுத்தும் முயற்சி கணிப்பொறியோடு பிறந்ததன்று. 1886இல் ஹுல்ட்ஸ் அரசு கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்றார். 1887 முதல் வெளிவரத் தொடங்கிய ஆண்டறிக்கைகளில், படியெடுக்கப்பெற்ற ஒவ்வொரு கல்வெட்டும் அவ்வாண்டுக்குரிய ஓர் எண்ணைப் பெற்றது. ஊர், கோயிலில் அஃது அமைந்த இடம், அரசமரபு, அரசன், ஆட்சியாண்டு, மொழி, குறிப்பு ஆகியன காலப்போக்கில் தனித்தனிப் பத்திகளாயின. இன்றைய இணையத் தரவுத்தளங்களில் ‘புலம்’ எனப்படுவது பெரும்பாலும் இப்பத்தியே. அச்சுப் பட்டியலில் ஐயத்தை எழுதிவைக்கக் குறிப்புப் பத்தி இருந்தது. தரவுத்தளங்கள் பலவற்றில் அதற்கு இடமில்லை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலிலுள்ள குடவோலைக் கல்வெட்டுகளைச் சான்றாகக் கொள்ளலாம். முதற் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய இவை 1898ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிரண்டு எண்களைப் பெற்றன. வெங்கையா இவற்றைத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் பதிப்பித்தார். பட்டியல் எழுந்த காலத்தில் அவ்வூர் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997இல் அது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சார்ந்தது. 2019இல் செங்கற்பட்டு மீண்டும் தனி மாவட்டமானபோது உத்திரமேரூர் அதனுள் வரவில்லை. பழைய அறிக்கையிலுள்ள மாவட்டப் பெயரை அப்படியே ஏற்றிவைத்த தரவுத்தளத்தில் தேடுவோர், இக்கல்வெட்டுகளை இன்றைய செங்கற்பட்டுக்கு உரியனவாகக் கொள்ள நேரும். மயிலாடுதுறைப் பகுதிக் கல்வெட்டுகளின் நிலை இன்னும் கடினம்: தஞ்சாவூர், 1991க்குப் பின் நாகப்பட்டினம், 2020க்குப் பின் மயிலாடுதுறை என ஒரே கோயில் மூன்று மாவட்டப் பெயர்களில் நிற்கிறது. அறிக்கை கூறும் மாவட்டத்திற்கு ஒரு புலமும் இன்றைய மாவட்டத்திற்கு மற்றொரு புலமும் வேண்டும். ஒன்றை அழித்து மற்றொன்றை எழுதுவது திருத்தமாகாது.

இடத்தைக் காட்டிலும் நுட்பமானது அரசன் பெயர். சோழர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறிமாறிப் பூண்டனர். ‘மதிரை கொண்ட’ என்னும் அடைமொழி இருப்பின் அப்பரகேசரி பராந்தகன் எனத் துணியலாம். அடைமொழியின்றிக் ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் நிற்கும் கல்வெட்டுகளோ பல. அவற்றை எவ்வரசனுக்கு உரியனவாக்குவது என்பதை எழுத்தமைதி, அதிகாரிகளின் பெயர், உடன்வரும் பிற கல்வெட்டுகள் ஆகியவற்றைக் கொண்டே அறிஞர் முடிவு செய்வர். அம்முடிவு மாறவும் கூடும். தரவுத்தளத்தில் அரசன் என்னும் ஒரே புலத்தில் ‘பராந்தகன்’ என்று பதிவாகிவிட்டால், கல் சொன்னது எது, அறிஞர் கருதியது எது என்னும் வேறுபாடு மறைந்துவிடும். பின்னர் எண்ணிக்கை எடுப்போர் ஒருவரது கருத்தையே சான்றாக எண்ணுவர். நொபொரு கராசிமா, எ.சுப்பராயலு, மட்சுயி ஆகியோர் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்த் தொகுப்பு போன்ற பணிகளில் எண்ணிக்கையே வாதத்தின் அடிப்படை என்பதை நோக்க, இப்பிழையின் விளைவு எத்துணைப் பெரிது என்பது விளங்கும்.

பொதுவான இணையக் கருவிகள் இதற்குப் போதுமா என்பது அடுத்த வினா. 1995இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டப்ளின் நகரில் தொடங்கி உருப்பெற்ற ‘டப்ளின் கோர்’ விவரமுறை பதினைந்து கூறுகளை உடையது; 2008இல் வெளிவந்த ஒமேகா என்னும் கருவி அதையே அடிப்படையாகக் கொண்டது. இணையப் பொருள்களை எளிதில் விவரிக்க எழுந்த அம்முறையில் ‘படைப்பாளர்’ என ஒரு கூறும் ‘நாள்’ என ஒரு கூறும் உண்டு. கல்வெட்டுப் படத்திற்குப் படைப்பாளர் யார்? கொடையளித்தவரா, வெட்டிய தச்சரா, மைப்படி எடுத்தவரா, ஒளிப்படம் பிடித்தவரா? நாளும் அவ்வாறே: கல்லின் காலம், படியெடுத்த ஆண்டு, படம் பிடித்த நாள், ஏற்றிய நாள் என நான்கு. ஒரு கூறில் நான்கையும் திணித்தால் பத்தாம் நூற்றாண்டுக் கல்லும் நேற்றைய ஒளிப்படமும் ஒரே வரிசையில் நிற்கும். கருவி தரும் படிவத்தை அப்படியே ஏற்காமல் புலங்களைக் கூட்டி அமைத்துக்கொள்ளும் வசதி ஒமேகாவிலும், 2017இல் வெளிவந்த ட்ரோப்பி போன்ற தனிக் கணிப்பொறிக் கருவிகளிலும் உண்டு. அவ்வுழைப்பை மேற்கொள்வோர்தாம் குறைவு.

உதகமண்டலத்திலிருந்த கல்வெட்டு அலுவலகம் 1966இல் மைசூருக்கு மாறியது. அங்கிருந்த தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவருமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகத்தில் ஆணையிட்டது. 2023ஆம் ஆண்டு நடுவண் நிதிநிலை அறிக்கையில், முதற்கட்டமாக ஓர் இலட்சம் கல்வெட்டுகளை எண்மப்படுத்தும் ‘பாரத் ஸ்ரீ’ திட்டம் அறிவிக்கப்பட்டது. கோயில் திருப்பணிகளில் கற்கள் இடம் மாறியும் மணல்வீச்சால் எழுத்துகள் தேய்ந்தும் போன இடங்களில் மைப்படியே எஞ்சிய சான்று. அத்தகைய மைப்படியின் படம் தெளிவாக இருந்து, எந்த ஊரின் எந்தச் சுவருக்கு உரியது என்பது தெரியாமற்போனால், அதைச் சரிபார்க்கக் கல்லிடமும் திரும்பிச் செல்ல இயலாது. புதிய தொகுப்புகள் தமக்கெனத் தொடர் எண் இட்டுக்கொள்ளலாம். ஆயினும் ஆண்டும் எண்ணுமாய் அமைந்த பழைய அடையாளமே நூறாண்டு ஆய்வுநூல்களின் அடிக்குறிப்புகள் அனைத்திலும் ஆளப்பெற்றிருப்பது. ஆகவே அது படக்கோப்பின் பெயரிலேயே இடம்பெறுதல் தகும்.