வீட்டுக்கு இரட்டை எரிபொருள் ஜெனரேட்டர்: வாங்கும் முன் அறிய வேண்டியவை

புதுடெல்லி: புயல், வெள்ளம் போன்ற பேரிடர்களுக்குப் பிறகு மின் விநியோகம் பல நாள்கள் முடங்குவது நாட்டின் கடலோர மாநிலங்களில் தொடர்ந்து நிகழ்ந்து வருகிறது. 2018 நவம்பரில் தமிழகத்தின் டெல்டா மாவட்டங்களைத் தாக்கிய கஜா, 2019 மே மாதம் ஒடிசாவின் புரி அருகே கரையைக் கடந்த ஃபானி, 2020 மே மாதம் மேற்கு வங்கத்தைத் தாக்கிய உம்பன் ஆகிய புயல்களுக்குப் பின்னர் பல பகுதிகள் நீண்ட நாள்கள் இருளில் இருந்தன. புயல் இல்லாத காலத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2012 ஜூலை 30, 31 ஆகிய தேதிகளில் மின் தொகுப்பு செயலிழந்தபோது, 60 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் பகுதிகளில் மின்சாரம் தடைபட்டது.

இத்தகைய நீண்ட மின்தடையைச் சமாளிக்க, பெட்ரோல், எல்பிஜி எரிவாயு ஆகிய இரண்டில் எதைக் கொண்டும் இயங்கும் சிறிய ரக ஜெனரேட்டர்கள் சந்தையில் கிடைக்கின்றன. ஓர் எரிபொருள் கிடைக்காவிட்டால் மற்றொன்றைப் பயன்படுத்தலாம் என்பதே இவற்றின் சிறப்பு. ஆனால், அந்த இரண்டாவது எரிபொருளைச் சட்டப்படியும் பாதுகாப்பாகவும் வீட்டில் வைத்திருக்க முடிந்தால் மட்டுமே இந்தச் சிறப்பு பயன் தரும்.

யாருக்குத் தேவை?

ஒரு நாளில் சில மணி நேரம் மட்டும் மின்தடை ஏற்படும் இடங்களுக்கு பேட்டரியுடன் கூடிய இன்வெர்ட்டரே போதுமானது. 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி ஒன்றின் மொத்தக் கொள்ளளவு 1.8 யூனிட். இழப்புகள் போக, நான்கு மின்விசிறிகளையும் சில விளக்குகளையும் மூன்று முதல் நான்கு மணி நேரம் இயக்க இது போதும். இரைச்சலும் புகையும் இல்லை.

மின்தடை ஒரு நாளைக் கடந்து நீடிக்கும்போதே ஜெனரேட்டரின் தேவை எழுகிறது. அப்போதும் இன்வெர்ட்டரை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டரை இயக்கி, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, குளிர்சாதனப் பெட்டியைக் குளிர்வித்து, பேட்டரிக்கும் மின்னேற்றம் செய்துகொள்ளலாம். இரவில் இன்வெர்ட்டரில் மின்விசிறியை இயக்கலாம். நாள் முழுவதும் ஜெனரேட்டரை ஓடவிடுவதைக் காட்டிலும் இம்முறையில் எரிபொருள் பெருமளவு மிச்சமாகும்.

கூரையில் சூரிய மின்தகடு பொருத்தியுள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின் தொகுப்புடன் இணைந்து பேட்டரி இல்லாமல் செயல்படும் அமைப்புகள், மின்தடையின்போது பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தாமாகவே நின்றுவிடும். எனவே, சூரிய மின்சாரம் இருப்பதாலேயே மாற்று ஏற்பாடு தேவையில்லை என்று கருத முடியாது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தனி வீடுகளுக்கு இந்த வகை ஜெனரேட்டர் ஏற்றதல்ல. பால்கனி, மாடிப்படி, மூடிய வாகன நிறுத்துமிடம் ஆகிய எவற்றிலும் இதைப் பாதுகாப்பாக இயக்க முடியாது. வீட்டைச் சுற்றித் திறந்தவெளி உள்ளவர்களே இதைப் பரிசீலிக்க வேண்டும்.

இரண்டும் ஒன்றாக எரிவதில்லை

தலைநகர் டெல்லியிலும் சுற்றுப் பகுதிகளிலும் காற்று மாசுக் கட்டுப்பாடுகள் தொடர்பாகப் பேசப்படும் 'இரட்டை எரிபொருள்' என்பது வேறு. பெரிய டீசல் ஜெனரேட்டர்களில் டீசலும் இயற்கை எரிவாயுவும் ஒரே நேரத்தில் கலந்து எரியும் முறையையே அது குறிக்கும். வீடுகளுக்கான சிறிய ஜெனரேட்டரில் ஒரு நேரத்தில் ஓர் எரிபொருள் மட்டுமே எரியும். தேர்வு விசையைத் திருப்பி, பெட்ரோலில் இருந்து எரிவாயுவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் பழைய ரகங்களும் உண்டு. மண்ணெண்ணெய் எளிதில் கிடைக்காத இன்றைய நிலையில் அவற்றின் பயன் குறைவு.

டெல்லி தேசிய தலைநகர்ப் பகுதியில் வசிப்போர், குளிர்காலத்தில் காற்றின் தரம் மோசமடையும்போது ஜெனரேட்டர் பயன்பாட்டுக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகளையும் வாங்கும் முன்பே அறிந்துகொள்ள வேண்டும்.

சமையலறை சிலிண்டரைப் பயன்படுத்தலாமா?

கூடாது. எல்பிஜி விநியோக ஒழுங்குமுறை ஆணை 2000-இன்படி, எந்தப் பயன்பாட்டுக்காக எரிவாயு வழங்கப்படுகிறதோ அதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். வீட்டு இணைப்பில் வழங்கப்படும் 14.2 கிலோ சிலிண்டர் சமையலுக்கு உரியது. அதை ஜெனரேட்டரில் பொருத்துவது விதிமீறலாகும். இந்த ஆணை அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின்கீழ் பிறப்பிக்கப்பட்டது என்பதால் நடவடிக்கைக்கும் உள்ளாக நேரிடும்.

ஜெனரேட்டருக்கு, வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ சிலிண்டரையே விநியோகஸ்தரிடம் முறைப்படி பெற வேண்டும். அதற்கான இணைப்பு, முன்வைப்புத் தொகை, விலை ஆகியவை வீட்டு சிலிண்டரில் இருந்து வேறுபடும். புயல் எச்சரிக்கை வெளியான பின்னர் விநியோகஸ்தரை அணுகினால் சிலிண்டர் கிடைக்காமல் போகலாம். இயந்திரத்தை வாங்குவதற்கு முன்பே இந்த ஏற்பாட்டை உறுதிசெய்ய வேண்டும். அது இயலாதவர்கள், கூடுதல் விலை கொடுத்து இரட்டை எரிபொருள் ரகத்தை வாங்குவதில் பொருளில்லை. பெட்ரோல் ரகமே போதும்.

பெட்ரோலுக்கும் வரம்பு உண்டு. பெட்ரோலியச் சட்டம் 1934-இன்படி, விற்பனை நோக்கமின்றி 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். உலோகக் கலன் என்றால் 25 லிட்டருக்கும், கண்ணாடி அல்லது பீங்கான் கலன் என்றால் ஒரு லிட்டருக்கும் மேற்படாததாக, இறுக மூடக்கூடியதாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குடங்களிலும் தண்ணீர் பாட்டில்களிலும் பெட்ரோலைச் சேமிப்பது சட்டப்படியும் பாதுகாப்பின்படியும் தவறு.

எத்தனை வாட் தேவை?

ஜெனரேட்டரில் இரண்டு அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று, தொடர்ந்து வழங்கக்கூடிய திறன். மற்றொன்று, சில விநாடிகள் மட்டும் வழங்கக்கூடிய உச்சத் திறன். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இடம்பெறுவது பெரும்பாலும் உச்சத் திறனே. வாங்குவோர் தொடர் திறனையே முதலில் பார்க்க வேண்டும். அளவு கேவிஏ-வில் தரப்பட்டிருந்தால் திறன் காரணியால் பெருக்கிக் கிலோவாட்டாக மாற்ற வேண்டும். திறன் காரணி 0.8 எனில் 3 கேவிஏ என்பது 2.4 கிலோவாட் மட்டுமே.

ஒரு நடுத்தர வீட்டின் அவசியத் தேவைகளை எடுத்துக்கொள்வோம்:

குளிர்சாதனப் பெட்டி - 200 வாட்
மூன்று மின்விசிறிகள் - 225 வாட்
ஆறு எல்இடி விளக்குகள் - 54 வாட்
தொலைக்காட்சி - 100 வாட்
இணைய மோடம், கைபேசி மின்னேற்றம் - 55 வாட்

இவற்றின் கூட்டுத்தொகை 634 வாட். இத்துடன் அரை குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் சேரும்போது கணக்கு மாறுகிறது. ஓடும்போது சுமார் 600 வாட் எடுக்கும் அந்த மோட்டார், தொடங்கும் கணத்தில் மூன்று மடங்கு அல்லது அதற்கும் மேற்பட்ட மின்சாரத்தை இழுக்கும். மூன்று மடங்கு என்று கொண்டால் 1,800 வாட். ஆக, அனைத்தும் ஓடும்போது மோட்டாரைப் போட்டால் அந்தக் கணத்தில் 2,434 வாட் தேவை. குளிர்சாதனப் பெட்டியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு மோட்டாரைப் போட்டால் 2,134 வாட் போதும். எந்தக் கருவியை எப்போது இயக்குவது என்ற ஒழுங்கு இருந்தால், சிறிய இயந்திரத்திலேயே வேலை முடிந்துவிடும்.

வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி போன்ற மருத்துவக் கருவி இருந்தால் அதன் தேவையை முதலில் எழுதிக்கொண்டு, மற்றவற்றைப் பின்னர் சேர்க்க வேண்டும். ஜெனரேட்டரைத் தொடங்கும் வரையிலும், எரிபொருள் நிரப்ப நிறுத்தும்போதும் அக்கருவி நிற்காமல் இருக்க, பேட்டரி ஆதரவும் அவசியம். குளிர்பதனக் கருவி, கெய்சர், தூண்டல் அடுப்பு ஆகியவற்றைப் பட்டியலில் இருந்து நீக்குவதே நல்லது.

எரிவாயுவில் திறன் குறையும்

ஒரே இயந்திரம், பெட்ரோலில் தரும் திறனைவிட எல்பிஜியில் சுமார் 10 சதவீதம் குறைவாகவே தரும். மேற்கண்ட கணக்கில் 2,434 வாட் எரிவாயுவிலும் கிடைக்க வேண்டுமானால், பெட்ரோலில் அதன் உச்சத் திறன் குறைந்தது 2,700 வாட்டாக இருக்க வேண்டும். எரிவாயுவுக்கான அளவு தனியாகக் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பெயர்ப்பலகையில் பார்ப்பது அவசியம்.

உயரமான இடங்களில் காற்று மெல்லியதாக இருப்பதால், கடல் மட்டத்தில் இருந்து ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3.5 சதவீதத் திறன் குறையும். ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள சிம்லாவில் கால் பங்குத் திறனை இழக்க நேரிடும். குளிர்ப் பிரதேசங்களில் மற்றொரு சிக்கலும் உண்டு. நம் நாட்டின் எல்பிஜியில் புரோப்பேனுடன் பியூட்டேனும் கலந்துள்ளது. பியூட்டேன் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். காஷ்மீர், லடாக் போன்ற இடங்களின் குளிர்காலத்தில் சிலிண்டரில் எரிவாயு இருந்தும் இயந்திரம் தடுமாறுவதற்கு இதுவே காரணம். அங்கு பெட்ரோலையே முதன்மை எரிபொருளாகக் கொள்ள வேண்டும்.

எவ்வளவு நேரம் ஓடும்?

சிறிய ஜெனரேட்டர் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க, தோராயமாக 0.5 முதல் 0.7 லிட்டர் பெட்ரோல் அல்லது 0.4 முதல் 0.5 கிலோ எல்பிஜி தேவைப்படும். சராசரியாக 700 வாட் சுமையில் தினமும் ஆறு மணி நேரம் ஓட்டினால் 4.2 யூனிட் ஆகும். அதற்கு சுமார் 2 முதல் 3 லிட்டர் பெட்ரோல் அல்லது 2 கிலோ எரிவாயு செலவாகும். இந்தக் கணக்கில் ஒரு 19 கிலோ சிலிண்டர் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். உள்ளூர் எரிபொருள் விலையால் இதைப் பெருக்கிப் பார்த்தால், மின்வாரியக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு செலவாவது தெரியவரும். தேவைக்கு மிகப் பெரிய இயந்திரத்தை வாங்கிக் குறைந்த சுமையில் ஓட்டினால் யூனிட்டுக்கான செலவு மேலும் உயரும்.

சேமித்து வைப்பதில் எல்பிஜிக்கே முன்னுரிமை. அது கெட்டுப்போவதில்லை. பெட்ரோலில் தற்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. மாதக்கணக்கில் தொட்டியில் தேங்கிய பெட்ரோல் கார்புரேட்டரை அடைத்துவிடும். குறிப்பிட்ட ரகம் இந்தக் கலவைக்கு ஏற்றதா என்பதை விற்பனையாளரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறலாம்.

இரைச்சலும் சான்றும்

குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது ஒலி மாசு விதிகள் 2000-இல் உள்ள வரம்பு. ஜெனரேட்டர் என்ஜின்களின் புகை வெளியேற்றத்துக்கு, 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 முதல் நடைமுறைக்கு வந்த 'சிபிசிபி 4 பிளஸ்' தரநிலைகள் பொருந்தும். புகை, இரைச்சல் ஆகியவற்றுக்கான இணக்கச் சான்று இல்லாத, பெயர்ப்பலகையற்ற மலிவு ரகங்களைத் தவிர்ப்பது நலம். கணினி போன்ற நுட்பமான கருவிகளுக்கு இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் சீரான மின்சாரத்தைத் தரும், இரைச்சலும் குறைவு. விலை மட்டும் கூடுதல்.

உயிர் காக்கும் இரு விதிகள்

ஜெனரேட்டரின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் உறங்குவோர் விழிக்காமலேயே உயிரிழக்க நேரிடும். எரிவாயுவில் ஓட்டினாலும் இந்த ஆபத்து நீங்குவதில்லை. மழை பெய்கிறது, திருட்டுப் போய்விடும் என்ற காரணங்களுக்காக வராந்தாவிலோ வாகனக் கொட்டகையிலோ ஜெனரேட்டரை இயக்கக் கூடாது. வீட்டில் இருந்து குறைந்தது 20 அடி தள்ளி, கதவு, ஜன்னல்களுக்கு எதிர்த் திசையில் புகைக்குழாய் இருக்குமாறு வைக்க வேண்டும். மழைக்குப் பக்கங்கள் திறந்த கூரை போதும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் தோன்றினால் உடனே அனைவரும் வெளியேறி மருத்துவ உதவியை நாட வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். ஆகவே சிலிண்டரை நிமிர்ந்த நிலையில், சமதளத்தில், இயந்திரத்தின் வெப்பம் படாமல் வைக்க வேண்டும். அந்த ஜெனரேட்டருக்கென உற்பத்தியாளர் குறிப்பிடும் ரெகுலேட்டரையும் குழாயையும் மட்டுமே பொருத்த வேண்டும்.

இரண்டாவது விதி மின் இணைப்பு பற்றியது. இருமுனை பிளக் கொண்ட வயரால் சுவரில் உள்ள சாக்கெட் வழியாக வீட்டுக்கு மின்சாரம் செலுத்துவது குற்றத்துக்கு நிகரான அலட்சியம். அந்த மின்சாரம் மீட்டரைக் கடந்து தெரு மின்கம்பிக்குச் செல்லும். மின்மாற்றியைப் பின்னோக்கி அடையும்போது அது 11,000 வோல்ட்டாக உயரும். மின்சாரம் இல்லை என்று நம்பி, புயலில் அறுந்த கம்பியைச் சீரமைக்கும் மின்வாரியத் தொழிலாளியின் உயிரை அது பறிக்கக்கூடும். உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் பொருத்த வேண்டும்; ஜெனரேட்டருக்கு முறையான எர்த் இணைப்பும் கொடுக்க வேண்டும். அதுவரை, தேவையான கருவிகளைத் தரமான நீட்டிப்பு வயர் மூலம் நேரடியாக ஜெனரேட்டரில் இணைக்கலாம்.

வாங்கிய பின்

மாதம் ஒருமுறை, இரண்டு எரிபொருள்களிலும் சுமார் 15 நிமிடம் சுமையுடன் ஓட்டிப் பார்க்க வேண்டும். என்ஜின் ஆயில் அளவைச் சரிபார்த்து, நீண்ட நாள் நிறுத்தும் முன் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும். சூடாக இருக்கும்போது பெட்ரோல் நிரப்பக் கூடாது. உள்ளூரில் சேவை மையமும் உதிரி பாகங்களும் உள்ளனவா என்பதை விலையைப் பேசும் முன்பே விசாரிக்க வேண்டும்.

வங்கக் கடலோரத்தில் புயல் காலம் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் இரு முறை வருகிறது. சிலிண்டர் இணைப்பு, சேஞ்ச்-ஓவர் சுவிட்ச், வெள்ளம் ஏறாத திறந்த இடம் ஆகிய மூன்றையும் அதற்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்வோருக்கே இந்த ஜெனரேட்டர் உரிய வேளையில் கைகொடுக்கும்.